பதினான்காவது பெயரின் திதி

கிள்ளானில் காலை ஏழு மணிக்கும் தெருவிளக்கு எரியும். இங்கே கடிகாரம் என் ஊர் கும்பகோணத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. இருபத்தாறு ஆண்டுகளாகியும் எனக்கு அது பழகவில்லை. ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் என் மனைவி விசாலம்தான் கழித்துச் சொல்வாள். "உலகத்தையே எண்ணுவீங்க, இந்த ரெண்டரை மட்டும் வராது" என்று சிரிப்பாள். போன ஆவணியில், இங்கேயே ஒரு மருத்துவமனையில், காலை 6.20க்குப் போய்விட்டாள். மணி பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

ஷா ஆலம் தொழிற்சாலையில் மென்பொருள் எழுதி ஓய்வுபெற்றவன் நான். குடும்பத்தில் இறந்தவர்களின் திதிக்கென்று ஒரு நிரல் வைத்திருக்கிறேன். அதன் தரவுத்தளத்துக்குத் தனி சர்வர் கிடையாது. நிரலோடு ஒட்டிய ஒரே கோப்பு. அதில் தேடப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழிக்குத் தேதி தெரியும், திதி தெரியாது. அதனால் பைத்தான் மொழியில் திதியைக் கண்டுபிடிக்க நானே ஒரு ஃபங்ஷன் எழுதி, கோப்பைத் திறந்ததும் பதிவு செய்துவிடுவேன். இறந்த நேரத்தைக் கொடுத்தால், ஊர்ப் பஞ்சாங்கத்திலிருந்து நான் தட்டச்சிட்ட பட்டியலைப் பார்த்துத் திதியைச் சொல்லும். பதின்மூன்று பெயர்களுக்கும் சரியாகச் சொன்னது. விசாலம் பதினான்காவது. சஷ்டி என்றது.

முதல் வருடத் திதி. அரிசி, வாழைக்காய் என்று ஒன்பது பொருள்களை எண்ணிப் பையில் போட்டு, ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் குருக்களிடம் போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். போன வருடப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"அம்மா போனது எத்தனை மணிக்கு அங்கிள்?"

"ஆறு இருபது. கிள்ளான்ல."

"பஞ்சமி விடியக்காலை 4.50 வரைக்கும்னு போட்டிருக்கு. இது இந்தியா டைம் லா அங்கிள். நமக்கு 7.20. அம்மா பஞ்சமியிலதான் போயிருக்காங்க." இந்த வருடப் பஞ்சாங்கத்தையும் எடுத்துப் பார்த்தார். "பஞ்சமி நேத்து."

நிரல் தப்பாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதின்மூன்று பேரும் ஊரில் இறந்தவர்கள். அவர்களுக்கு அந்த இரண்டரையைக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே இறந்தவள் அவள் ஒருத்திதான்.

"பரவால்ல அங்கிள், அமாவாசைக்குச் செஞ்சிரலாம்" என்றார்.

நேற்று மதியம் நான் கடையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, தின்றேன். இரண்டு முட்டை. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை. வருடத்தில் ஒரு நாள் வருபவளைப் பசியோடு அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஃபங்ஷனைத் திருத்தினேன். இப்போது அது நேரத்தோடு இறந்த ஊரையும் கேட்கிறது. அவளுக்குக் கிள்ளான் என்று கொடுத்தேன். பஞ்சமி என்றது, ஒரு நாள் தாமதமாக. பதினைந்தாவது வரியில் என் பெயரைச் சேர்த்தேன். நேரத்தை யாராவது பிறகு நிரப்பட்டும். ஊர் என்ற இடத்தில் கிள்ளான் என்று அடித்து அழித்தேன். கும்பகோணம் என்று அடித்து, அதையும் அழித்தேன். ஊரைக் காலியாக விட்டு அப்படியே நிரலை ஓட்டிப் பார்த்தேன். பிழை என்றுகூடச் சொல்லவில்லை. என் பெயருக்கு எதிரே ஒன்றுமே வரவில்லை.