வெற்றிலை இல்லாத பாண்

போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, அடையாறில் என் குட்டிக் கடையைத் திறந்த முதல் சாயங்காலம் அது.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தேன். ஊரில் டீச்சராக இருந்தவள் சும்மா இருப்பேனா? ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. வாயைத் திறந்ததுமே "நீங்க கேரளாவா?" என்பார்கள். ஒரு இடத்தில், "உங்க தமிழ் பிள்ளைங்களுக்குப் புரியாதும்மா, பேச்சை மாத்திக்கிட்டு வாங்க, வேலை தர்றோம்" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். என் கடையில் என்னை யார் இன்டர்வியூ எடுக்கப்போகிறார்கள் என்று துணிந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் பிரெட்டுக்குப் பாண் என்று பெயர். அதைச் சுடுவது எனக்குக் கைவந்த கலை. பிரியாணிக் கடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, 'சுடச்சுடப் பாண்' என்று பெரிதாக போர்டு மாட்டினேன். இது ஓடாவிட்டால் பேச்சை மாற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகிறேன் என்று கணவரிடம் வாக்கும் கொடுத்திருந்தேன்.

ரொம்ப நேரம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. கடைசியில் பிரியாணி சாப்பிட்ட கையோடு ஒரு ஆட்டோக்காரர் வந்தார்.

"யக்கா, ஒரு ஸ்வீட் பான் குடு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சீனி தூவிய பாணை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா யக்கா இது, வெத்தல எங்க?"

"பாணுக்குள்ள ஏன் தம்பி வெத்திலை?"

"சுடச்சுடன்னு போட்டுகீதே, நெருப்பு வச்சு வாய்ல போடுவாங்களே, அந்த ஃபயர் பான்னு நெனச்சேன்."

அவர் கேட்டது பீடா என்று அப்போதுதான் உறைத்தது. போணியும் போச்சு, மானமும் போச்சு என்று கண் கலங்கிவிட்டது. தட்டுத்தடுமாறி விளக்கினேன். அந்த மனுஷன் கோபிக்கவே இல்லை. ஒரு கடி கடித்தார், மென்றார், எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மச்சி, இங்க வெத்தல இல்லாத பான் கீதுடா. வந்து துன்னு பாருங்கடா."

மொத்த ஸ்டாண்டும் வந்துவிட்டது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்றைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்க, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் என் தமிழிலேயே கதைத்தேன். தட்டு காலியானதே தெரியவில்லை.

போர்டை மாற்றிவிடலாமா என்று கணவர் கேட்டார். மூச்சு விடக்கூடாது என்றுவிட்டேன்.

அந்த ஆட்டோக்காரர் இன்றும் வருகிறார். நாக்கை நன்றாக மடித்து, "யக்கா, ஒரு பாண்ண்" என்று அவர் கேட்கும்போதெல்லாம், ஒரு வேலைக்காக நான் தொலைக்க இருந்த தமிழை ஒருத்தர் என்னிடம் கேட்டு வாங்கிப் போகிறார் என்று நெஞ்சு நிறைந்துவிடுகிறது.