யோகமலரின் அவ்ரோ

கனடாவின் ரெக்ஸ்டேலில் யோகமலரின் வீடு விமானங்கள் இறங்கும் வழியில் இருந்தது. சத்தம் கேட்டால் அவர் அண்ணாந்து பார்க்கமாட்டார். யன்னலைச் சாத்துவார். பேக்கரியில் பாண் பொதி செய்து மகனைப் படிப்பித்தார். அந்த மகன் துஷாந்த் விமானத் தொழில்நுட்பம் படித்து வேலைக்குச் சேர்ந்தபோது, "நட்டுகளை வடிவா இறுக்கு" என்றார். அவ்வளவுதான்.

அவ்ரோ என்ற சொல்லுக்கு அவரிடம் ஒரே பொருள். யாழ்ப்பாணத்துக்கு மேலே வட்டமடித்துப் பீப்பாய்களை உருட்டிவிட்ட விமானப்படை விமானம். தொண்ணூறாம் ஆண்டில் ஒரு பீப்பாய் அவர்களுடைய கிணற்றடியில் உடைந்தது. உள்ளே வெடிமருந்து இல்லை. மனித மலம். கிணற்றை இறைத்துக் கழுவியவர் யோகமலர்.

"போட்டவனை விடு. உதை நிரப்பினவன் ஆர்?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார். "காலமை வேலைக்குப் போய், வாளியால அள்ளி ஊத்தி, மூடியை இறுக்கி, ஏத்தி விட்டிட்டு, மத்தியானம் சோறு திண்டிருப்பான்."

"சாப்பிடேக்கை ஏனம்மா உந்தக் கதை?"

"அவன் சாப்பிட்டவன்தானே."

யோகமலர் இந்தக் கோடையில் இறந்துபோனார். துஷாந்த் வழக்கம்போலச் சனிக்கிழமைகளில் விமான அருங்காட்சியகத்துக்குப் போனான். அங்கே உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சம்பளமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தான். அந்த விமானத்தை ஓட்டிய படையணியின் ஒரு நாள் அவனுக்கு மனப்பாடம். பகலில் எண்ணெய் நிரப்புவார்கள், குண்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஏற்றுவார்கள், அவற்றில் வெண்கட்டியால் பெயர் எழுதுவார்கள். விடியத் திரும்பி வந்தவர்களுக்கு முட்டைப் பொரியல்.

"தம்பி, இஞ்சை வாரும்," என்று கிறிஸ்துநாயகம் கூப்பிட்டார். எழுபதுகளிலேயே கனடாவுக்கு வந்து, லேத் வேலையில் ஓய்வு பெற்று, அங்கே அவனோடு விமானம் திருத்துபவர். விமானத்தின் வயிற்றுக்குள் தொங்கிய வெற்றுக் குண்டைக் காட்டினார். வெண்கட்டியில், தமிழில், யோகமலர் என்றிருந்தது.

"நாளைக்குச் சனம் பாக்க வருது. அதுக்கு முதல் பேரைப் பெயின்ற்றால எழுதப்போறம். பொறுப்பாளர் ஸ்டெபனியும் ஓம் எண்டிட்டா."

"ஏனண்ணை?"

"அம்மாவுக்கு ஒரு மரியாதை. உதுவும் அவ்ரோ கொம்பனிப் பிளேன்தான், தெரியுமோ? நான் அந்த நாளையில ஊரிலயிருந்து ரத்மலானை எயார்போட்டுக்கு அவ்ரோவிலதான் போனனான். ரொபி, இனிப்பெல்லாம் தந்தவங்கள்."

துஷாந்த் குண்டுக்குக் கிட்டப் போய்ப் பெயரைப் பார்த்தான்.

"அம்மாவுக்கும் அவ்ரோ தெரியும். எங்கட கிணத்தடியில பீயைக் கொட்டினது."

"பகிடி விடாதையும்."

"அவதான் கழுவினவ."

கிறிஸ்துநாயகம் கையிலிருந்த வெண்கட்டித் தூளைக் காற்சட்டையில் துடைத்தார். "நல்லதெண்டு நினைச்சுத்தான் எழுதினன்."

"தெரியும் அண்ணை. உது மாதிரிக் குண்டு விழுந்த இடத்திலயும் ஆரோ கழுவியிருப்பினம்."

துணியைக் கரைப்பானில் நனைத்துப் பெயரை அழித்தான். அடுத்த வாரம் எண்ணெய்க் குழாய் பொருத்தவேண்டியவன் அவன்தான். தன் கருவிகளைப் பெட்டியில் அடுக்கி, அருங்காட்சியகச் சாவியை ஸ்டெபனியின் மேசையில் வைத்து, இனி வரமாட்டேன் என்றான்.

அவள் சாப்பிட்டுக்கொண்டே காரணம் கேட்டாள். சொன்னால் முகத்தைச் சுளிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே பீப்பாய், வாளி, கிணறு என்று ஒன்றையும் விடாமல் சொன்னான்.