பெட்டி மேல் நாற்பத்தொரு நட்சத்திரங்கள்

ரங்கூனில் பபேடான் பகுதியில் எங்கள் வீட்டு வாசலிலேயே அப்பா பெட்டிக்குப் பெயர் எழுதும் தொழில் செய்தார். கப்பலேறுகிறவர்கள் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து, பெயரும் ஊரும் எழுதிய சீட்டைக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. சீட்டில் உள்ளதைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல அப்படியே வரைந்துவிடுவார். எழுத்துக்குக் கீழே ஒரு படம் இனாம். செட்டியாருக்கு வேல், மரைக்காயருக்குப் பிறை, வெள்ளைக்காரருக்குக் கொடி. யாருக்கு எந்தக் கொடி என்று சொல்வது பள்ளிக்கூடம் போகிற என் பொறுப்பு. எனக்கு அப்போது பத்து வயது முடிந்து நான்கு மாதம்.

எங்கள் பள்ளிக்கூடத்து மிஸ்ஸைத் தெருவே அமெரிக்கா துரைசானி என்றுதான் சொல்லும். அவர் ஒவ்வொரு தடவையும் நின்று, சிரித்த முகத்தோடு, "அமெரிக்கா இல்லை, கனடா" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டு, மறுநாள் மறுபடியும் அமெரிக்கா என்பார்.

ஒருநாள் வகுப்பில் ஒருத்தி கேட்டேவிட்டாள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று.

"அவர்கள் ராஜா வேண்டாமென்று சண்டை போட்டார்கள். நாங்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். அவர்கள் உரக்கப் பேசுவார்கள். நாங்கள் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம்" என்றார் மிஸ்.

"அது சரி மிஸ், அப்ப நீங்க யாரு?"

மிஸ் சாக்கட்டியை விரலிடுக்கில் உருட்டினார். "அவர்கள் இல்லை என்று சொல்வதிலேயே எங்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது" என்றார். வகுப்பு சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அதன்பின் அவர் சொன்னதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. அவருடைய அண்ணன் எல்லை தாண்டி வேலைக்குப் போய், அங்கேயே பிரமாணம் எடுத்து அமெரிக்கராகிவிட்டாராம். அன்றிலிருந்து அவர்கள் அம்மா அந்தப் பிள்ளையின் பெயரை வாயால் சொல்வதில்லை. நீயாவது நம் ஊர்க்காரியாகவே திரும்பி வா என்று மகளுக்குக் கடிதத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஏழு வருஷம் ரங்கூனில் இருந்துவிட்டு, மிஸ் இப்போது அந்த அம்மாவிடம் திரும்பிப் போகப் போகிறார்.

அவருடைய பெட்டி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பெயரும் ஊரும், அதன்கீழ் கனடா என்ற சொல்லும் எழுதி முடித்துவிட்டு, "இந்தம்மாவுக்கு எந்தக் கொடி?" என்று அப்பா கேட்டார்.

கனடாவுக்கு எது கொடி என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மறுநாளும் வகுப்புக்கு வந்தார். கேட்காமல் போனேனே என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பாவின் லேபிளில் அமெரிக்கக் கொடி இருந்தது. அதில் நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றை என் கையாலேயே வரைய ஆசைப்பட்டேன்.

"அமெரிக்காப்பா."

"வேற ஏதோ ஊருன்னு அந்தம்மா சொல்லுமே?"

"எல்லாம் ஒண்ணுதாம்பா. பக்கத்துப் பக்கத்து ஊரு."

அப்பா சிவப்பு வர்ணத்தைக் குழைத்துக்கொண்டிருக்கும்போது, ஆற்றுக்கு அக்கரையில் கியாக்தான் ஊரிலிருந்து ஒரு பர்மியக் கிழவர் தம் பெட்டியை வாங்க வந்தார். "என்ன கோரங்கி, வேலை ஆச்சா?" என்றார். தெலுங்கு தேசத்துக் கூலிகளுக்கு ரங்கூனில் வழங்கிய பெயர் அது.

அப்பாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "நான் கோரங்கி இல்லய்யா, தமிழன்! எத்தினி வாட்டி சொல்றது?"

"எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கதானே?" என்று கிழவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"ஒண்ணாமே, எல்லாம் ஒண்ணாமே!" என்று முணுமுணுத்தபடி அப்பா கொடியின் பட்டைகளை இழுத்தார். கோபத்தில் இரண்டாவது பட்டை கோணலாகிவிட்டது. நான் நட்சத்திரங்களை வைத்தேன். லேபிளில் நாற்பத்தெட்டு இருந்தன. எனக்கு நாற்பத்தொன்றுக்குத்தான் இடம் கிடைத்தது.

கப்பல் புறப்படும் நாளன்று காலையில் மிஸ் லஞ்சாவில், அதாவது கைரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பெட்டியைப் பார்த்தார்.

"நட்சத்திரமெல்லாம் புள்ள போட்டது. நல்லாருக்கான்னு கேளு" என்றார் அப்பா. நான் அதை இங்கிலீஷில் கேட்டேன்.

மிஸ் குனிந்து, பெயருக்குக் கீழே இருந்த கனடா என்ற எழுத்துகளை ஒரு விரலால் தடவினார். கொடியை அழித்து வேறு வரைந்தால் வர்ணம் காய இரண்டு நாளாகும். கப்பலோ மதியம்.

"மிக அழகு. உனக்கு வீண் சிரமம், மன்னித்துக்கொள்" என்றார். எதற்கு மன்னிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

பெட்டியை லஞ்சாவில் ஏற்றிக் கட்டியதும், தோளில் இருந்த சால்வையை எடுத்து மூடியின்மேல் விரித்தார். நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகக் கயிற்றுக்குள் இறுக்கிச் செருகினார்.

"பாத்தியாப்பா, என் நட்சத்திரம் வெயில்ல வெளுத்துடக்கூடாதுன்னு மூடிக்கிட்டுப் போறாங்க" என்றேன்.

அப்பாவும் ஆமாம் என்றார். லஞ்சா தெருமுனை திரும்பும்வரை நான் பெருமையோடு கையாட்டிக்கொண்டிருந்தேன்.