இயங்கவில்லை என்று கையெழுத்திட்ட கணினி

"மேசைக் கணினி, ஒன்று. வாங்கிய ஆண்டு 2001. நிலை: இயங்கவில்லை. பழுதுபார்ப்பது சிக்கனமல்ல. கழிவாக அறிவிக்கப் பரிந்துரைக்கிறேன்." 2008 மார்ச் 28, வெள்ளிக்கிழமை என்று தேதியிட்ட ஒரு சான்றின் நகல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மூலம் ஆங்கிலத்தில், தமிழாக்கம் என்னுடையது. அடியில் இரண்டு கையெழுத்துகள். இரண்டும் ஒருவருடையவை. முதலாவது நகலெடுத்ததில் கறுப்பாக விழுந்திருக்கிறது. இரண்டாவது, பதினைந்து ஆண்டுகள் கழித்து நேராக அந்தத் தாளிலேயே போட்டது, நீல மையில் பளிச்சென்று இருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த கதை.

கையெழுத்துக்கு உரியவர் எங்கள் மேடம். ஐதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில், வந்து இறங்கும் பொருள்களைச் சோதித்து ஏற்கும் பிரிவுக்கு அவர் தலைவி. நான் அவருக்குக் கீழே எழுத்தர். திருகாணி முதல் தார்ப்பாய் வரை அவர் ஒப்பமில்லாமல் எதுவும் உள்ளே போகாது, அவர் ஒப்பமில்லாமல் எதுவும் குப்பைக்கும் போகாது. ஒரு லாரி சோப்பைத் திருப்பி அனுப்பிய நாளில் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சோப்பு நுரைக்கலன்னா நுரைக்கலன்னுதான் எழுதுவேன் தம்பி. அவுக போன் பண்ணினா நுரைச்சிருமா?" தெற்கத்தி ஊரான நாசரேத்தில் பிறந்து, மணமாகி செகந்திராபாத்துக்கு வந்து முப்பது வருடம் ஆகியிருந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு டிபன் டப்பாவை ஏழு நிமிடத்தில் காலி செய்துவிட்டு (நான் நேரம் பார்த்திருக்கிறேன்) பிரிவின் ஒரே கணினிக்கு முன் உட்காருவார். மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்தில்லாமல் அடுக்கும் பழைய விளையாட்டு அதில் இருந்தது. முதல் ஐந்து பேரின் மதிப்பெண்களை அது பட்டியலாக வைத்துக்கொள்ளும். பெயருக்கு மூன்று எழுத்து இடம். 2007 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை, நான் 41,260 எடுத்து முதலிடத்துக்கு வந்தேன். நாட்குறிப்பில் இருக்கிறது. மறு மார்ச்சில் புதிய கணினிகள் வந்தன. பழையது மேலே சொன்ன சான்றோடு கழிக்கப்பட்டது. அலுவலக ஏலத்தில் அதை எடுத்தவர் யார் என்று பார்த்தால், மேடமே. கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார். சும்மா எதையும் செய்யாதவர்.

அதன் பிறகுதான் அவர் சொல்ல ஆரம்பித்தார்: கடைசியில் முதலிடத்தில் இருந்தது நான் இல்லையாம், அவராம். "ஆதாரம் இருக்கா மேடம்?" என்பேன். ஊரில் எல்லாரிடமும் ஆதாரம் கேட்டவருக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். "மிஷினுக்குள்ள இருக்கு" என்பார். "ஓடாத மிஷினுக்குள்ளயா?" என்பேன். 2012இல் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் தின்னப் போவேன். சைனிக்புரிப் பக்கத்து அந்த வீட்டில் இரண்டாவது துண்டு முடிவதற்குள் இந்த வழக்கு தொடங்கிவிடும். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர்தான், எனக்கு 'சார்', நடுவர். தீர்ப்பு மட்டும் சொல்லமாட்டார். "ரெண்டு பேரும் சிக்னல்ல நிக்கிறீங்க. நான் பச்சைக் கொடி காட்ட மாட்டேன்."

2023 மே மாதம் மேடம் கூப்பிட்டார். மகளோடு இருக்கக் கோயம்புத்தூருக்கே போகிறார்கள்; ஜூன் முதல் வாரம் ரயில். பரணைக் காலி செய்கிறார்கள். "பழைய சாமான வாங்குத கபாடிக்காரன் மாசக் கடைசியில வாரான் தம்பி. அதுக்குள்ள அத ஓட்டிப் பாக்கணும். அந்த லிஸ்ட்ட நான் என் கண்ணால பாக்கணும்."

மே 14, ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு போனேன். தூசி தட்டி, தளர்ந்திருந்த ஒரு கம்பியை அழுத்திப் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது, அத்தோடு நின்றது. பழைய இயங்குதளம் கெட்டுப்போயிருந்தது. உள்ளே தகவலைச் சேமித்து வைக்கும் தட்டை (ஹார்டு டிஸ்க்) மட்டும் கழற்றி ஒரு கடையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பட்டியலை எடுத்துக் கொடுப்பார்கள் என்றேன். ஒப்பவில்லை. "வேற மிஷின்ல மாட்டிப் பாத்தா, இந்த மிஷின் ஓடினதா ஆகுமா?" தெரிந்த பையனிடம் அந்தப் பழைய இயங்குதளத்தின் பிரதி கிடைக்கும் என்றேன். "திருட்டுப் பிரதியா?" என்று ஒரே சொல்லில் முடித்தார். மீதி இருந்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விடப்பட்டிருக்கும் இயங்குதளங்கள். அவை பல என்று தெரிந்ததும் மேடத்தின் முகம் மலர்ந்தது. அரசுப் பணியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவருக்கு, பல என்றால் ஒரே வழிதான்: டெண்டர்.

வாரம் முழுக்கப் படித்துவிட்டு மூன்றைத் தேர்ந்து சொன்னேன். அவர் கோடுபோட்ட நோட்டில் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார். ஏ, பி, சி என்று மூன்று நிறுவனங்கள். தகுதி, விநியோகக் காலம், உத்தரவாதம். கடைசிக் கட்டம் விலை. யார் விலை குறைவோ அவருக்கே ஆர்டர், அதுதான் விதி. விலைக் கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். மூவருமே குறைந்த விலைக்காரர்கள். இரண்டு நாள் அந்த நோட்டு அப்படியே திறந்து கிடந்ததாம். மேடம் தன் வாழ்நாளில் முடிவெடுக்கத் திணறியதை அப்போதுதான் பார்த்ததாக சார் சொன்னார். சார் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; 'வேண்டாம்' என்பதை 'நக்கோ' என்றும் 'ஆமாம்' என்பதை 'ஹவ்' என்றும் அந்த ஊர் உருதுவில்தான் சொல்வார்.

"ஃப்ரீயா குடுக்குறதுக்கும் டெண்டரா? நக்கோ மேடம், நக்கோ. கண்ண மூடிட்டு ஒண்ண எடு" என்றாராம் சார், கேலியாக.

"கண்ண மூடிட்டு எடுத்தா அதுக்குப் பேரு இன்ஸ்பெக்ஷனா?"

மே 21 அன்று நான் போனபோது விலைக் கட்டத்தை அடித்துவிட்டு அதன் மேல் வேறு தலைப்பு எழுதியிருந்தார்: 'சார் தனியாகத் திறப்பாரா?' கணினியைத் தொட்டே அறியாத ஆள் அந்த வீட்டில் அவர்தான். தார்ப்பாயைச் சோதிக்கும்போது மிக மோசமான மழை எதுவோ அதில்தான் வைப்போம் என்பது மேடத்தின் வாதம். மோசமான மழை பனியனோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஹவ், ரெடி" என்றது.

மூன்றையும் தனித்தனிக் குறுந்தட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எழுதாத குறுந்தட்டு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. நான்காவது கடைக்காரர், "சீடியா? கைக்கு சாப்?" என்று எதற்கென்று கேட்டுச் சிரித்தபடி, தூசி படிந்த பெட்டியிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுத்தார்.

முதலாவது, எல்லாரும் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்வது, அழகானது, ஆனால் இன்றைய கணினிகளை நினைத்துக் கட்டியது. நாற்பது நிமிடம் முனகிவிட்டு ஒரு சின்னத்தைக் காட்டி அங்கேயே உறைந்தது. "கூட்ஸ் வண்டி" என்று சார் பெயர் வைத்தார். மேடம் 'ஏ'யை அடித்தார்.

இரண்டாவது பழைய விளையாட்டுகளுக்கென்றே செய்தது போன்றது. கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. ஆனால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்ய வேண்டும். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரையில் ஏதோ கேள்வி வந்திருக்கிறது. சார் ரயிலில் ஆயுசு முழுக்கக் கழித்தவர். கேட்ட சமிக்ஞைக்குப் பதில் கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர். "அரே, என்னமோ கேக்குது. ஹவ்னு போட்டுரட்டா?" என்றபடி விரலை 'ஆம்' என்பதற்கான எழுத்தின் மேல் வைத்துவிட்டார்; அமுக்குவதுதான் பாக்கி. சமையலறை வாசலிலிருந்து நான் படித்தேன்: தட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா? என் வாயில் தண்ணீர். கத்த முடியவில்லை. அறுபதாவது வயதில் தொடங்கிய முழங்கால் வலியோடு பதினோரு வருடமாக நடந்துகொண்டிருந்த மேடம், நாற்காலியிலிருந்து எழுந்து சுவர் வரை போனதை நான் பார்க்கவே இல்லை. பிளக் அவர் கையில் இருந்தது. திரை இருண்டிருந்தது.

மேடம் பிளக்கைத் தரையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சார் மெதுவாகச் சொன்னார்: "அபாயச் சங்கிலிய இழுத்துட்டா. ஃபைன் போடணும்."

மேடம் சிரித்துவிட்டார். நோட்டை எடுத்து, கோபத்தோடு அல்ல, நிதானமாக, 'பி'க்கு எதிரே எழுதினார்: 'தெரிந்தவர்களுக்கு நல்லது. தெரியாதவர் கையில் ஆபத்து.' புதியவர்களுக்கு ஏற்றது எது என்று நான் பக்கம் பக்கமாகப் படித்ததில் இப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. தவறாக ஒன்றை அமுக்கிவிட்டாலும் பாழாகாமல் இருக்கிறதா? அதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க சாரின் விரல் தேவைப்பட்டது.

மூன்றாவது மிகச் சின்னது. குறுந்தட்டிலிருந்து முழுவதையும் கணினியின் நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டு அங்கிருந்தே ஓடும். நாமாகச் சொன்னால் ஒழிய உள்ளே இருக்கும் தட்டில் கை வைக்காது. பெரிய பெரிய படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர். பழைய விளையாட்டுகளைத் திறந்து ஓட்டும் சிறு நிரலை நான் முன்பே சேர்த்து வைத்திருந்தேன். சார் ஒவ்வொன்றாக அமுக்கினார். கடிகாரம் திறந்தது, மூடினார். சீட்டுக்கட்டு திறந்தது, "இது நல்லாருக்கே" என்றார், மேடம் முறைத்ததும் மூடினார். தட்டின் படத்தை அமுக்கினார்; பழைய கோப்புறைகள் தெரிந்தன. அடுத்து ஒன்று, அதற்குள் ஒன்று. கறுப்புப் பின்னணியில் நிறம் நிறமாகக் கட்டைகள் விழத் தொடங்கின. அவர் எழுந்து உள்ளே போய், எதற்காகவோ வீட்டில் வைத்திருந்த பச்சைக் கொடியைக் கொண்டுவந்து திரைக்கு முன் ஆட்டினார்.

பட்டியலைத் திறந்தது நான். முதலிடம், மேடத்தின் மூன்று எழுத்துகள், 41,310. இரண்டாமிடம், என்னுடைய மூன்று எழுத்துகள், 41,260. கீழே மூவர்.

"எழுதிக்கோங்க தம்பி" என்றார் மேடம். "உங்க நோட்டுல எழுதிக்கோங்க."

எழுதினேன். ஆனால் எனக்கு எண் மட்டும் போதாது, தேதி வேண்டும். அந்தப் பட்டியல் கடைசியாக மாறிய தேதியைக் கோப்பில் பார்த்தேன். 1980 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை, நள்ளிரவு கடந்து நாற்பத்தேழு நிமிடம். அப்போது எனக்கு ஐந்து வயது. அந்தக் கணினி பிறக்க இன்னும் இருபத்தொரு வருடம் இருந்தது. உள்ளே இருந்த சிறு பொத்தான் மின்கலம் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கடிகாரம் அதே தேதியின் நள்ளிரவுக்குத் திரும்பிவிடும். ஆக, அது சொல்வது இவ்வளவுதான்: கடைசியாக அது ஓடிய நாளில், போட்டதிலிருந்து நாற்பத்தேழாவது நிமிடத்தில் மேடம் என்னை ஐம்பது புள்ளியில் தோற்கடித்தார்.

"எந்த நாள் மேடம்?"

அவர் சாரைப் பார்த்தார், பிறகு என்னை. "அந்த வெள்ளிக்கிழமதான். காலையில மூணு தடவ போட்டேன், வரல. வரலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேப்பர் மேல போயிருச்சு. மத்தியானம் மனசு கேக்காம இன்னொரு தடவ போட்டேன். வந்திருச்சு. ஆடினேன்." ஒப்பீட்டு நோட்டை மூடி வைத்தார். "போயி பேப்பரத் திருப்பி வாங்கியிருக்கணும் தம்பி. வாங்கல. புது மிஷின் வந்து வராண்டாவுல நின்னுச்சு. அன்னிக்கு மட்டுந்தான் அப்பிடிச் செஞ்சேன்."

ஏலத்தில் 'சும்மா' எடுத்ததும், பதினைந்து வருடம் பரணில் பத்திரமாக வைத்திருந்ததும், வேறு இயந்திரத்தில் பார்க்க ஒப்பாததும் அப்போது எனக்குப் புரிந்தன. என்னை ஜெயித்ததை மெய்ப்பிக்க வேண்டுமானால் தன் கையெழுத்து பொய்த்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒப்புக்கொள்வதற்காகவே அதை ஓடவைத்திருக்கிறார். ஏலக் காகிதங்களோடு இருந்த சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, தன் பழைய கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: 'மறுசோதனையில் இயங்குகிறது. 21-5-2023.' கையெழுத்துப் போட்டார். பிறகு எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். கபாடிக்காரனுக்குப் பழைய தையல் எந்திரத்தின் மேசை மட்டும் போயிற்று.

கணினி இப்போது என் வீட்டில். மூன்றாவது குறுந்தட்டின் மேல் 'சி – ஏற்கப்பட்டது' என்று அவர் எழுத்து. பொத்தான் மின்கலத்தை மாற்றிவிட்டேன். இனி எது நடந்தாலும் சரியான தேதியோடு நடக்கும். ஞாயிறு மதியங்களில் ஆடுகிறேன். இன்றுவரை 38,900க்கு மேல் போகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசி வந்தால் முதல் கேள்வி, "என் பேரு மேலதான இருக்கு?" பின்னாலிருந்து சார், "இன்னும் ரெட் சிக்னல்தான்" என்பது கேட்கும்.

கண்ணாடிக்கு அடியில் கறுப்பும் நீலமுமாக இரண்டு கையெழுத்துகளைப் பார்க்கும்போது, பதிவேடு எழுதும் பழக்கத்தால், ஒன்றைப் பதிந்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. 41,310 உண்மை, என் கண்ணால் பார்த்தேன். அது 2008 மார்ச் 28 மதியம் எடுக்கப்பட்டது என்பதற்கு மேடத்தின் சொல் மட்டுமே சான்று. அன்றைய என் நாட்குறிப்பில், மதிய இடைவேளையில் ரயில் முன்பதிவுக்குப் போயிருந்ததாக இருக்கிறது. அன்று மாலை மேடம் ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்ததாக சாருக்கு ஒரு நினைவு, ஆனால் அது வேறு வருடத்து ஈஸ்டராகவும் இருக்கலாம் என்கிறார். தேதி இன்னும் சரிபார்க்கப்படவில்லை.