தம்பிக்காக எழுதிய இங்கிலீஷ்

என் தம்பி கப்பலில் சமையல் உதவிக்குப் போனவன். ஒரு நாள் காலையில், நடுக்கடலில் அவனைக் காணவில்லை என்று மும்பையிலிருக்கும் அவன் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் பன்னிரண்டாவது வரை முட்டிமோதிப் படித்த இங்கிலீஷ்.

மருந்துக்கடையில் பில் போடுவது என் வேலை. கூட்டமில்லாதபோது போனில் கம்பெனிக்கு மெயில் எழுதுவேன். பெரிய சொற்கள் எப்படியோ கிடைத்துவிடும். அவற்றோடு சேர வேண்டிய குட்டிச் சொற்கள்தான் உயிரை வாங்கின. ‘ரீசன்’ என்றால் ‘ஃபார்’ வரவேண்டுமாம். ‘காஸ்’ என்றால் ‘ஆஃப்’. இரண்டும் காரணம்தானே, அதற்குள் என்ன ஜாதி வித்தியாசம்? எரிச்சலோடு இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுவேன். ஒரு தப்பு இருந்தாலும் ‘குப்பத்து ஜனங்கதானே’ என்று எங்களை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயம்.

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். வீட்டில் எழுத உட்கார்ந்தால் பக்கத்திலேயே இருப்பாள்.

“இன்னாடி, ரெண்டு வரிக்கு இம்மாம் நேரமா? எம் புள்ள எங்கடா கீறான்னு நறுக்குன்னு கேளு.”

“அப்டிலாம் எழுதக் கூடாதும்மா.”

பதில்கள் ஒரே மாதிரி வந்தன. தேடுதல் முடிந்தது, வருந்துகிறோம். ஒன்றில் ‘ஹோப்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘நோ’, பின்னால் ‘ஆஃப்’. அங்கே ‘ஃபார்’ வந்திருந்தால் வேறு அர்த்தமோ என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “சரியாப் புரியலம்மா, திரும்பக் கேட்டு எழுதுறேன்” என்றேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நான் மனதுக்குள் வாக்கியம் கட்டுவதற்குள் அந்த ஆள், “அக்கா, நா ராயபுரம்தான். தமிழ்லயே பேசுங்க. உங்க மெயிலுக்கெல்லாம் நான்தான் பதில் போடுறேன்” என்றான். அம்மா போனைப் பிடுங்கினாள்.

“நம்ம ஊர்க்காரனா நீ? இத்தினி நாளா இன்னாத்துக்குடா எம் பொண்ண இங்கிலீஷுல அழவுட்ட?”

“ஆபீஸ் ரூலும்மா.” பிறகு மெதுவாகச் சொன்னான். “எல்லாப் பக்கமும் தேடியாச்சும்மா. கெடைக்கல. இனிமே தேட மாட்டாங்க. உங்க புள்ள இல்லம்மா.”

மெயிலிலும் இதேதான் இருந்தது. அது எனக்கு முதல் பதிலிலேயே புரிந்திருந்தது.

அம்மா அழவில்லை. போனை அணைத்து என் மடியில் வைத்தாள்.

“இவனுக்குத் தமிழு சரியா வரலடி” என்றாள். “நீ இங்கிலீஷுலயே இன்னொரு தபா கேளு.”