வாடைக்கு முதுகு காட்டிய பேனல்கள்

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் தளம் போடும் வேலை, ராஜஸ்தான் பாலைவனத்தில் சோலார் பேனல் பூட்டும் வேலை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருசம் முழுசாகத் தங்கியதில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டு மாடிகளில் பேனல் வைக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தபோதும் மழைக்காலம் வரை இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். குடோனில் பேனல் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்துக்கொள்வோம். நானும் சாயல்குடிக்காரன் ஒருவனும். அவனுக்கு வாய் ஓயாது. எனக்குப் பேச்சு வராது. அதனால் ஒத்துப்போனது.

ஆனி மாதம் கடலோரத் தெரு ஒன்றில் ஒரு பாய் வீட்டில் வேலை. வளைகுடாவில் பல வருசம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே பாலைவனத்தில் பேனல் கழுவும் ஆளாகச் சேர்ந்து, கடைசியில் பேனல் பூட்டும் கும்பலுக்கு மேஸ்திரியாக இருந்தவர். இந்த வேலையில் எங்கள் இரண்டு பேரையும் விட மூத்த கை.

காண்ட்ராக்டர் அவரிடம், "நம்ம ஊருக்குப் பத்து டிகிரி சாய்வு போதும் பாய்" என்றார்.

"பத்தா? அது படுத்துல்ல கெடக்கும்? தூசி வழியாது. அங்கன நான் இருபத்தஞ்சுல வச்சு வச்சுக் கை காய்ச்சுப்போனவன். எனக்கேவா?"

இன்னொன்றும் சொன்னார். தளத்தில் ஓட்டை போடக்கூடாது. ஓட்டை போட்டால் மழைக்கு ஒழுகும். இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். வெளிநாட்டில் கிடந்து சம்பாதித்துக் கட்டிய வீட்டில் எவன் டிரில்லரை வைக்க விடுவான்? அதனால் கால்களைத் தளத்தில் பூட்டாமல் கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தினோம். கட்டையின் கனம்தான் பிடிமானம்.

காண்ட்ராக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "கேக்குறதப் போட்டுக் குடுங்கப்பா, அவரு வீடு" என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ராஜஸ்தானில் நான் பூட்டிய பேனல்களும் அப்படித்தான் நிமிர்ந்து நின்றன. அங்கே உச்சி வெயிலும் தெற்கே சாய்ந்துதான் வரும். இங்கே அது தலைக்கு நேராக வந்து, வருசத்தில் சில மாதம் வடக்கே தாண்டிப் போய் நிற்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்த மாடியில்தான் பார்த்தேன். வேலை முடித்து நடுப்பகலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"ஏலே, ஒன் நிழலப் பாரு. தெக்க விழுந்து கெடக்கு" என்றான் சாயல்குடிக்காரன். "சூரியன் வடக்க நிக்கிது, பேனலு தெக்க பாத்துக்கிட்டு நிக்கிது. சண்ட போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரில்ல இருக்கு."

அந்த மாதம் கரண்ட் குறைவாகத்தான் வந்தது. பாய் இன்வெர்ட்டரைத் திட்டினார். ஆடியில் தெற்கிலிருந்து காற்று வெறி பிடித்து அடித்தபோது பேனல்கள் அசையவில்லை. எங்களைப் போனில் கூப்பிட்டு, "பாத்தீகளா? ஆடிக் காத்துக்கே அசையல" என்று சிரித்தார். அந்தக் காற்று முகத்தில் அடித்துப் பேனலைத் தளத்தோடு அழுத்தும் காற்று. அது எங்களுக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

கார்த்திகையில் புயல் சின்னம் என்றார்கள். நேராக நம் கரைக்கு வராது, கடலுக்குள்ளேயே ஒதுங்கிப் போய்விடும் என்று செய்தி. படகுகளை எல்லாம் மேடேற்றியிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் பாயிடமிருந்து போன்.

"பின்னாடிக் கட்டை எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருதுப்பா. சத்தம் கேக்குது. வெரசா வாங்க."

நாங்கள் போய்ச் சேரும்போது தெருவில் முழங்கால் வரை தண்ணீர். மாடியில் ஏறியதும் காற்று ஆளைத் தள்ளியது. வாடைக் காற்று, வடக்கிலிருந்து. பேனல்களின் முகம் தெற்கே, தூக்கி நிறுத்திய முதுகு வடக்கே. இருபத்தைந்து டிகிரியில் அந்த முதுகு என் இடுப்பு உயரம். அடியில் அத்தனை காற்றும் புகுந்து தூக்கியது. பின் வரிசைக் கட்டைகள் ஒவ்வொரு வீச்சுக்கும் எழும்பி, டொக் டொக்கென்று உட்கார்ந்தன.

தெற்குக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தேன். கீழே ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டு முற்றம். முற்றத்தின் ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட ஒற்றை அறை. பேனல் பறந்தால் விழுகிற இடம் அதுதான்.

"அந்த ரூம்புல யாரும் இருக்காகளா பாய்?"

பாயும் எட்டிப் பார்த்தார். "மாமு மக இருக்கா. தலப்பிரசவம். ஆப்பரேசன் பண்ணி நேத்துத்தான் கூட்டியாந்தாக. பச்சப்புள்ளயும் உள்ளதான் கெடக்கு."

மாமு என்றது பக்கத்து வீட்டு மீன்காரரை. பாய் கீழே குனிந்து கத்தினார். "மாமி! புள்ளயத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க!"

வாசலில் நின்ற மீன்காரர் சம்சாரம் மேலே பார்த்துத் திருப்பிக் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது. "வயித்துல தையலோட கெடக்குறவள இந்தத் தண்ணில எப்படித் தூக்குறது? முத்தத்தத் தாண்டித்தானே வரணும், ஒன் பேனலுக்கு அடியில!"

அவர் சொன்னது சரி. அறைக்கு ஒரே வாசல். அதுவும் முற்றத்தைப் பார்த்து.

கீழே ஓடி மெயினை அணைத்துவிட்டு வந்தேன். அதனால் இன்வெர்ட்டர்தான் நிற்கும். பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் கரண்ட் சாகாது. வயர் நனைந்து கிடந்தது. சாயல்குடிக்காரன் ஸ்பேனரை எடுத்தான். கழற்றி இறக்கிவிடலாம் என்று நினைத்தோம். தெற்கு ஓரத்துப் பேனலில் ஒரு பிடியைத் தளர்த்தியதும்தான் புத்தி வந்தது. பூட்டி இருக்கும்வரை அது பேனல். கழன்றால் இரண்டு பேர் கையில் பாய்மரச் சீலை. இறுக்கலாம் என்று அவன் திரும்பவும் ஸ்பேனரை வைப்பதற்குள் ஒரு வீச்சு வந்தது. பேனல் மற்ற பிடிகளையும் வயரையும் பிய்த்து, அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சுவரைத் தாண்டி, ஒரு சுற்றுச் சுற்றிப் போனது.

கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

பிறகு கீழே இருந்து மீன்காரரின் குரல். "எவன்டா அவன் மேல? துவைக்கிற கல்லுல விழுந்துச்சு. ரெண்டு எட்டுத் தள்ளி விழுந்திருந்தா எம் பேரன் போயிருப்பான்டா!"

"அத்தா, என்னா சத்தம்?" என்று அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஒண்ணுமில்ல, படு" என்றார் அவர், வேறு குரலில்.

மீதிப் பேனல்கள் எழும்பி உட்கார்ந்துகொண்டிருந்தன. பாய் பின் கட்டை ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தார். நானும் இன்னொன்றில் உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்துத் தூக்கியது. மூன்று ஆளுக்கு எட்டுக் கட்டை. என்ன செய்ய முடியும்?

மீன்காரர் படியேறி வந்தார். தோளில் மடித்த வலை, கையில் நைலான் கயிற்றுச் சுருள். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. காற்றைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார்.

"தம்பி, இது படகுல பாய் விரிச்சாப்புல நிக்கிது. தார்ப்பாயக் கீர்ப்பாயப் போட்டுத் தொலைக்காதீக, அதுவும் சேந்து பறக்கும். வலை காத்தப் பிடிக்காது. கட்டுறதுக்கு என்ன இருக்கு?"

சுற்றிப் பார்த்தோம். தளத்தில் ஓட்டை போட விடாத வீடு. கொக்கி கிடையாது, வளையம் கிடையாது. சாயல்குடிக்காரன்தான் கையை நீட்டினான். மாடியின் நாலு மூலையிலும் தூண் கம்பிகள் தலைக்கு மேலே துருப்பிடித்து நின்றன. பிறகு ஒரு மாடி எழுப்பலாம் என்று எல்லோரும் விட்டுவைக்கிற கம்பிதான்.

"இன்னைக்குத்தான் ஒம்ம ரெண்டாவது மாடி ஒதவுது பாய்" என்றான்.

வடக்குப் பக்கம் நின்று மீன்காரர் வலையை வீசினார். காற்று அதை வாங்கிப் பேனல்களின் மேல் முழுக்கப் பரப்பியது. ஈயக்குண்டு கோத்த ஓரம் தெற்கே போய் விழுந்தது. வடக்கு ஓரத்தை மற்றவர்கள் கட்ட, தெற்கு ஓரத்தை எடுத்துக் கயிறு கோத்துக் கம்பியில் கட்டப் போனவன் நான். சுவருக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கிப் போகிற இடம். பேனல் எழும்பினால் என்னை முதலில் தள்ளும். கீழே அந்தச் சீட் கூரை, மழையில் கறுத்து, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. உள்ளே குழந்தை அழுதது காதில் விழுந்தது. அழுகிறவரைக்கும் நல்லாயிருக்கிறது, அழட்டும் என்று இருந்தது.

"இறுக்கு! விட்டுப் பிடி! காத்து மூச்சு வாங்கும்போது இழு!" என்று மீன்காரர் கத்தினார். வீச்சுக்கு நடுவே காற்று ஒரு நொடி தணியும். அப்போது மட்டும் இழுத்தோம். மற்ற நேரம் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு நின்றோம். கை தோல் உரிந்தது. கடைசி முடிச்சைப் போட்டபோது பேனல்கள் ஒரு தடவை எழும்பின, வலை முறுகியது. கட்டைகளில் டொக் சத்தம் வரவில்லை.

பொழுது சாயும் வரை நான்கு பேரும் கயிறுகளுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தோம். தளர்ந்ததை இறுக்கினோம். பாய் வாய்க்குள் துவா ஓதிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காற்று விட்டது. மீன்காரர் இறங்கும்போது மட்டும் சொன்னார். "பாலைவனத்துல கடல் இருந்துச்சாப்பா?"

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. வலை பேனல் ஓரங்களிலும் போல்ட்டுகளிலும் சிக்கி, இழுத்தால் வராதபடி இறுகிக் கிடந்தது. நான் கத்தியை எடுத்தேன். மீன்காரர் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாய் என் கையைப் பிடித்தார். "வலைய அறுக்காத. பேனலக் கழட்டு."

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்."

ஒவ்வொரு பேனலாகக் கழற்றி, கண் கண்ணாக வலையை விடுவித்தோம். அதற்கே மத்தியானமாகிவிட்டது. சில இடங்களில் கிழிந்திருந்தது. மீன்காரர் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, உப்பு படிந்த வேட்டியோடு இறங்கிப் போனார்.

பின் கால்களைக் குட்டையாக்க வேண்டும். பாயே இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்து வந்தார். எந்த இடத்தில் வெட்டுவது என்று என்னிடம் கேட்டார். பத்து டிகிரிக்கு வருகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். கால்களை இந்தத் தடவை தளத்திலேயே பூட்டச் சொன்னார். "ஒழுகுனா ஒழுகட்டும்" என்றார்.

"இனி சூரியன் எங்கிட்டுப் போனாலும் நம்மளத் தாண்டிப் போகாது" என்றான் சாயல்குடிக்காரன்.

முதல் காலில் கிரைண்டரை வைத்ததும் கீழே இருந்து மீன்காரர் சம்சாரத்தின் சத்தம். "ஏப்பா! நேத்துப் பூரா ஒங்களால ஒறக்கமில்ல. இப்பத்தான் புள்ள கண்ண மூடுச்சு. நிறுத்துங்க அத!"

பாய் சுவிட்சை அணைத்தார். கிரைண்டரை ஓரமாக வைத்துவிட்டு, கருவிப்பையைத் துழாவி, கையால் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தார். காலின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோட்டின் மேல் பிளேடை வைத்து, சத்தம் வராமல் மெதுவாக அறுக்க ஆரம்பித்தார். கை ஓய்ந்தபோது நான் வாங்கிக்கொண்டேன்.