டுவாவுக்குப் பிறகு

நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நாங்கள் மலாயில் எண்ணுவோம். சத்து, டுவா, தீகா. ஒன்று, இரண்டு, மூன்று. தீகாவில் இருவரும் சேர்ந்து, அவருக்கு அடியிலிருக்கும் விரிப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினான்கு வருடங்களாக இதுதான் என் வேலை. நான் நர்ஸ் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்ற உதவியாளன்.

ஒரு நாள் காலை நான் டுவா சொன்னேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, எதிரே சரோஜா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னண்ணே, தீகா லஞ்சுக்குப் போயிருச்சா?"

சரோஜா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அதே வாரம் கிள்ளானில், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையில் மோட்டார் சைக்கிள் சாவி இருந்தது. மனைவி மேரி அழுதுகொண்டிருந்தாள்.

"வெறிச்சுப் பாத்துக்கிட்டே வாய மெல்லுறீங்க. வாயில சோறே இல்ல. எங்கம்மா இரும்பு குடுக்கச் சொல்லுவாங்க, அதான்."

இரும்பால் ஒன்றும் ஆகாது என்று வேலையில் கற்றிருந்தேன். ஆனால் அவள் எதை நினைத்துக் கொடுத்தாள் என்பது புரிந்தது.

அரசாங்க மருத்துவமனையில் இ.இ.ஜி. எடுத்தார்கள் (தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை). டாக்டர் இளம் பெண், தமிழர்.

"வலிப்பு அங்கிள்."

"நான் கீழ விழலியே டாக்டர்."

"விழாமலும் வரும்." குவிய வலிப்பு என்று விளக்கினார் (மூளையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மின்னோட்டம் தடுமாறுவது, சில விநாடிகள் நினைவு விலகும்). காலையும் இரவும் மாத்திரை. மோட்டார் ஓட்டக்கூடாது. "என்ன வேல செய்றீங்க?"

"துணி துவைக்கிறேன்" என்று பொய் சொன்னேன்.

அன்றே மேரி சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். நான் ரயிலில் போகத் தொடங்கினேன். இல்லத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது.

ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன். எப்போதும் நானே எண்ணுவது. நான் பாதியில் நின்றுபோனால் தீகா வராது, யாரும் தூக்கமாட்டார்கள். இதை நம்பிப் பன்னிரண்டு நாள் வேலை செய்தேன்.

பதின்மூன்றாம் நாள் லிம் அங்கிளை மாற்றப் போனோம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்.

"இன்னைக்கு நான் எண்ணுறேன்ணே" என்றாள் சரோஜா. நான் வாய் திறப்பதற்குள் சத்து சொல்லிவிட்டாள். டுவா கேட்டது.

பிறகு பார்த்தால் லிம் அங்கிளின் பாதி உடல் தரையில் கிடந்தது. சரோஜா முழங்காலை அவருக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய முழங்கைத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. நான் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

தன் கை வழுக்கிவிட்டது என்று சரோஜா இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரனிடம் சொன்னாள். இன்னும் வேலை நிரந்தரமாகாதவள். மறுநாள் காலை அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார் மேட்ரன்.

"என் தப்புதான்ணே. அவசரப்பட்டு எண்ணிட்டேன்" என்றாள் என்னிடம்.

மறுநாள் அவளுக்கு முன்னால் நான் போனேன். மருத்துவமனை அட்டையையும் மாத்திரைப் பையையும் மேசைமேல் வைத்தேன். மேட்ரன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"எத்தன நாளா தெரியும்?"

"பதினாலு நாளாச்சு மேடம்."

"லிம் அங்கிள ஒரு நாளைக்கு எத்தன தடவ தூக்குறீங்க?"

"நாலு தடவ."

அவர் குரலை உயர்த்தவில்லை. "வியாதிக்கு நான் கோவப்படல அந்தோணி. நீங்க வரலேன்னா இந்நேரம் அந்தப் பொண்ணயில்ல வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்?"

என்னைத் தூக்கும் வேலையிலிருந்து எடுத்தார். டாக்டரின் கடிதம் கேட்டார். அதற்காக டாக்டரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சரோஜா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "நான் என் தப்புன்னு சொல்றப்ப சும்மா கேட்டுக்கிட்டு நின்னீங்கல்ல" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏழு மாதம் இல்லத்தின் துணிகளைத் துவைத்து மடித்தேன். டாக்டரிடம் சொன்ன பொய்யே என் வேலையாயிற்று. வலிப்பு திரும்ப வரவில்லை. தனியாகத் தூக்காமல் இருந்தால் பழைய வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதித் தந்தார். குணமாகிவிட்டது என்று எழுதவில்லை.

இதுபோன்ற வேலையில் இருந்துகொண்டு எதையாவது மறைத்துவைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை போகுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என்னுடையது போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் நான் சொல்லும்போது ஒருவருடைய தோல் கிழிந்திருந்தது. அதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

இப்போது மேட்ரன் விதி மாற்றியிருக்கிறார். இருவரும் சேர்ந்து எண்ண வேண்டும். ஒரு குரல் நின்றால் மற்றவர் தூக்கக்கூடாது.

திரும்பிப் போன முதல் நாள், லிம் அங்கிள் என்னை நெடுநேரம் பார்த்தார். முழங்கையில் தழும்பு இருந்தது.

"இன்னைக்குத் தூங்கிடாதே லா" என்றார் மலாயில். பிறகு அவரே தொடங்கினார். "சத்து."

"டுவா" என்றோம் நானும் சரோஜாவும்.

பதினான்கு வருடம் எண்ணியும் அதற்குப் பின் ஓர் இடைவெளி இருப்பதை நான் கவனித்ததில்லை. விசிறி சுற்றுவது கேட்டது. விரிப்பின் மடிப்பு விரல்களுக்குள் இருந்தது. அவர் எடை என் கைக்கு வந்துகொண்டிருந்தது. சரோஜா என் வாயையே பார்த்தாள்.

"தீகா" என்றேன். அவளும் சொன்னாள். தூக்கினோம்.